மண்டையில் ஏறிய பாட்டும் மனதில் ஏறாத கதையும்

ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகிற தனியார் பஸ்ஸில் ஏறினால் பாட்டு உங்கள் விருப்பம் இல்லை. சாரதி எதைப் போடுகிறாரோ அதைத்தான் கேட்க வேண்டும். கினிகத்தேனை வளைவுகளில் தொடங்கிய பாட்டு நாவலப்பிட்டிக்கு முன்னமே முடிந்துவிடும். ஆனால் கண்டியில் இறங்கி, சோற்றுப் பார்சல் வாங்கி, அறைக்குப் போய்ப் படுத்த பிறகும் அதே நாலு வினாடித் துண்டு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த வரி என்னவென்று கேட்டால் தெரியாது. பாடினது யாரென்று கேட்டால் தெரியாது. கொக்கி மட்டும் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஜெர்மன்காரர்கள் இதற்கு 'ஓர்வுர்ம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். காதுப் புழு என்று அர்த்தம். எங்களிடம் கேட்டிருந்தால் புழு என்று சொல்லியிருக்க மாட்டோம், அட்டை என்றிருப்போம். மழை நாளில் மலையில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அட்டை ஏறுவது தெரியாது. அது குடித்து முடித்து விழுந்த பிறகு, காலில் ரத்தம் வழியும்போதுதான் தெரியும். மண்டையில் ஏறுகிற பாட்டும் அப்படித்தான். எப்போது ஏறியது, எதை எடுத்துக்கொண்டு போனது என்று பிறகுதான் யோசிக்கிறோம்.

நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிற ஆறு பேர். கொட்டகலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, இராகலை என்று ஆளுக்கொரு பக்கம். எல்லாருமே தோட்டத்துப் பிள்ளைகள். இந்தக் கட்டுரை எங்கள் எல்லார் மண்டையிலும் ஏறிய ஒரு பாட்டைப் பற்றியது. 2021 மார்ச் 7ஆம் திகதி வெளியான 'என்ஜாய் எஞ்சாமி'. தீயும் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது, யூடியூபில் மட்டும் நாற்பது கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. உலகமே அதை முணுமுணுத்தது. நாங்களும் முணுமுணுத்தோம். பாட்டோடு எங்களுக்குச் சண்டை கிடையாது, பாட்டு செம பாட்டு. எங்கள் சண்டை முணுமுணுப்போடு. முதலில் எங்களுடைய முணுமுணுப்போடுதான்.

பாட்டு எந்த ஊர்ப் பாட்டு?

ஒரு கலை விழா. எங்கே, எந்த வருடம் என்பது வேண்டாம். மேடையில் பத்துப் பேர் 'என்ஜாய் எஞ்சாமி'க்கு ஆடினார்கள். முதுகில் கூடை மாட்டியிருந்தார்கள். அதைப் பள்ளிக்கூடப் பை மாதிரி இரண்டு தோளிலும் மாட்டியிருந்தார்கள். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில்தான் வரும். ஒரு நாளில் பதினைந்து இருபது கிலோ கொழுந்தின் பாரத்தை இழுத்து இழுத்து எங்கள் அம்மாமாரின் முன்னந்தலையில் முடி தேய்ந்து போயிருக்கும். ஆடினவர்களுக்கு அது தெரியவில்லை. சரி, தெரியாமல் இருக்கலாம். ஆனால் எங்களுக்குத் தெரியும்தானே? நாங்கள் என்ன செய்தோம்? விசில் அடித்தோம். கொக்கி வந்த இடத்தில் எழுந்து நின்று கூடவே கூவினோம்.

முடிந்த பிறகு பட்ச் நண்பன் ஒருத்தன் கேட்டான்: "மச்சான், இது இந்தியப் பாட்டுத்தானே? அதுல ஏன்டா தேயிலைக் கூடை?"

எங்களில் ஒருவருக்கும் நேராகப் பதில் சொல்லத் தெரியவில்லை. "சும்மா ஒரு கெட்டப்" என்று சொல்லித் தப்பினோம். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. ஏனென்றால் அந்தப் பாட்டில் கூடை இருப்பதற்குக் காரணம் இருந்தது. சொல்லப்போனால் பாட்டு பிறந்ததே அந்தக் கூடையால்தான்.

அறிவு அரக்கோணத்துக்காரர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பி, அங்கேயும் சொந்தமாக ஒரு துண்டு காணி இல்லாமல் வாழ்ந்தவர். அந்தப் பாட்டி சொன்ன கதைதான் பாட்டின் அடிநாதம் என்று அறிவு பல தடவை சொல்லியிருக்கிறார். வீடியோவில் அந்தப் பாட்டியே வந்து உட்கார்ந்திருக்கிறார். நட்டு வளர்த்தவளுக்கே விளைச்சல் எட்டாத துயரத்தைத்தான் பாட்டின் நடுப்பகுதி சொல்கிறது. அது யாருடைய துயரம்? தலவாக்கலையில் பஸ் ஏறுகிற எவரிடமும் கேளுங்கள், சொல்வார்கள்.

ஆக, அது எங்கள் ஊர்ப் பாட்டு. எங்கள் ஊரிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களின் பேரன் எழுதி, சென்னையிலிருந்து யூடியூப் வழியாக எங்கள் போனுக்கே திரும்பி வந்த பாட்டு. வந்த கடிதத்தைப் பிரிக்காமல், உறையின் மேல் ஒட்டியிருந்த முத்திரையை மட்டும் கிழித்து ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டவர்கள் நாங்கள்.

ஒப்பாரிக் கோச்சி

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. தெரிந்தவர்களும் வாசியுங்கள், எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இது எத்தனை பந்தி இருந்தது என்று ஒரு தடவை நினைத்துப் பார்ப்பதற்காகவாவது.

1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடை. வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். கோப்பி நோயில் அழிந்த பிறகு மலை முழுக்கத் தேயிலை ஆனது. நாடு சுதந்திரம் அடைந்த அதே 1948இல், 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்களில் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேரை இலங்கை எடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பிறகு 1974இல் பேசி, அந்த மிச்சத்தை 75,000, 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நிறுவை மடுவத்தில் கொழுந்தைக்கூட இதைவிடக் கவனமாகப் பிரிப்பார்கள். அந்த ஒன்பதே முக்கால் இலட்சம் பேரில் ஒருவரிடமாவது "நீ எங்கே இருக்க விரும்புகிறாய்?" என்று கேட்டுவிட்டு ஒப்பந்தம் எழுதவில்லை.

மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குக் கோச்சி போனது. அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை என்று ஒரே லயத்தில் இரண்டு நாடு. பிளாட்பாரத்தில் நின்று அழுத அழுகையால் அந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பேர் வந்தது. மு. சிவலிங்கம் அந்தப் பெயரில் கதை எழுதியிருக்கிறார். அக்கரையில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே போனார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பேர் 'சிலோன்காரன்'. இங்கே 'இந்தியாக்காரன்', அங்கே 'சிலோன்காரன்'.

எங்களில் ஒருத்தியின் அப்பாயிக்கு இந்தப் பாட்டின் வீடியோவைப் போனில் போட்டுக் காட்டினோம். கொக்கி வந்தபோது அப்பாயி சிரித்தது. "நல்லாத்தான் கூவுறாங்க சாமி" என்றது. நடுப்பகுதி வந்தபோது சிரிப்பு நின்றது. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டது: "இந்தக் கெழவி எந்தத் தோட்டமாம்?"

ஐந்து நிமிடத்தில், ஒரே ஒரு தடவை கேட்டு, அப்பாயி பாட்டின் உள்ளே போய்விட்டது. அதன் அக்கா அந்தக் கோச்சியில் போனவள். நாங்கள் ஐந்நூறு தடவை கேட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம்.

கொக்கி எப்படி வேலை செய்கிறது?

இது எங்கள் குற்றம் மட்டுமில்லை, மூளையின் பழக்கமும் உண்டு. பிரிட்டனின் டேர்ஹம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெல்லி ஜகுபோவ்ஸ்கி குழுவினர் 3,000 பேரிடம் எந்தப் பாட்டு மண்டையில் ஒட்டுகிறது என்று கேட்டு, 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒட்டுகிற பாட்டுக்குக் கொஞ்சம் வேகம் இருக்கும். ஏறி இறங்குகிற மெட்டு ஏற்கெனவே பழகின மாதிரி இருக்கும். ஆனால் அதற்குள் எதிர்பாராத ஒரு தாவலோ, திரும்பத் திரும்ப வருகிற ஒரு சுரமோ இருக்கும். தாலாட்டு மாதிரிப் பழகினதும் வேண்டும், குயில் கூவின மாதிரித் திடுக்கென்று ஒன்றும் வேண்டும். 'என்ஜாய் எஞ்சாமி'யின் கொக்கியை நினைத்துப் பாருங்கள், விளங்கும்.

இன்னொரு விளக்கமும் இருக்கிறது. 1927இல் புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர், முடித்த வேலையைவிடப் பாதியில் நிறுத்திய வேலைதான் ஞாபகத்தில் நிற்கிறது என்று காட்டினார். அதை வைத்துச் சிலர் சொல்வது: பாட்டு முழுசாகத் தெரியாததால்தான் துண்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூளை முடிவைத் தேடுகிறது, முடிவு கிடைக்காததால் மறுபடி தொடக்கத்துக்கே வருகிறது. ஆகவே ஆய்வாளர்கள் சொல்கிற மருந்துகளில் ஒன்று ரொம்ப எளிமையானது: பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள்.

முழுசாகக் கேட்பதைத்தான் நாங்கள் செய்யவில்லை. செய்ய விடாமலும் ஒரு உலகம் இருக்கிறது. டிக்டொக், ரீல்ஸ் எல்லாம் துண்டை மட்டுமே வாங்கி விற்கிற கடைகள். பதினைந்து வினாடிக்குள் கொக்கி வந்தாக வேண்டும், வந்ததும் விரல் மேலே தள்ளிவிடும். பாட்டி பேசுகிற இடம் எந்த ரீலிலும் வராது.

பாட்டை உருவாக்கியவர்களுக்கே இது நடந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகு அறிவுக்கென்று தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் பாட்டு ஒலித்தது, அங்கேயும் அறிவு இல்லை. யார் எதைச் செய்தார்கள் என்று அறிவு எழுதினார், சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பை எழுதினார்கள். 2024இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தனக்கு இதுவரை ஒரு சதமும் வரவில்லை என்றார். அந்த வழக்கில் நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எங்களை உறுத்துவது வேறு. இத்தனை விவாதத்திலும் பாட்டியின் தோட்டத்தைப் பற்றி, அந்தத் தோட்டத்தில் இன்றைக்கும் இருக்கிறவர்களைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? கொக்கி யாருக்குச் சொந்தம் என்று எல்லாரும் கேட்டார்கள். கதை யாருக்குச் சொந்தம் என்று யாராவது கேட்டார்களா?

எங்களையே கொக்கி ஆக்கியவர்கள்

இப்போது விஷயத்துக்கு வருவோம். மலையகத் தமிழர்களைப் பற்றி இந்த நாட்டுக்குத் தெரிந்ததெல்லாம் கொக்கிகள்தான்.

"நாட்டின் பொருளாதாரத்தின் முதுகெலும்பு." ஒவ்வொரு மே தினத்திலும் ஹட்டனில் இந்தக் கொக்கி பாடப்படும். எங்கள் தாத்தா கேட்டார், அப்பா கேட்டார், நாங்களும் கேட்கிறோம். முதுகெலும்பு என்றால் அடுத்த வரி என்ன? முதுகெலும்பு படுத்துக்கொள்ள ஒரு வீடு? அந்த வரியை ஒருத்தரும் பாடுவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை. பிறகு ஏழு பேர்ச் காணி என்று இன்னொரு கொக்கி. லயத்துக்குத் தனி முகவரி கிடையாது, தபால் தோட்ட ஒபிஸைச் சுற்றித்தான் வரும். எங்களில் ஒருத்தனுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதம் பதினொரு நாள் ஒரு மேசையில் கிடந்தது. நாற்பது கோடித் தடவை உலகத்தைச் சுற்றின பாட்டு எங்கள் பாட்டு. எங்கள் லயத்துக்கு ஒரு கடிதம் நேராக வந்து சேராது.

"ஆயிரம் ரூபா." இது இன்னொரு கொக்கி, எங்கள் தலைமுறையின் காதுப் புழு. 2015 வாக்கில் தொடங்கியது. அப்போது ஆயிரம் ரூபா என்றால் ஏழு டொலருக்கு மேல். கூட்டம் கூட்டமாக, தேர்தல் தேர்தலாகப் பாடப்பட்டு, கடைசியில் 2021 மார்ச்சில், ஆமாம், அந்தப் பாட்டு வந்த அதே மாதத்தில், சம்பளச் சபை வழியாக ஆயிரம் ரூபா வந்தது. அப்போது அதன் மதிப்பு ஐந்து டொலர். அடுத்த வருடம் ரூபா விழுந்தபோது மூன்று டொலருக்கும் கீழே. ஆறு வருடம் ஒரே எண்ணைப் பாடிக்கொண்டிருந்தோம். பாடிக்கொண்டிருந்தபோதே எண்ணுக்குள் இருந்த அரிசி காணாமல் போனது. 2024 செப்டம்பரில் 1,350 ஆனது. ஆனால் கோஷத்தை மட்டும் கேட்டவனுக்கு 'ஒரு பேர்' விழ எத்தனை கிலோ எடுக்க வேண்டும், குறைந்தால் 'அரைப் பேர்' எப்படி விழும் என்பது இன்றைக்கும் தெரியாது.

"சிலோன் டீ." உலகத்திலேயே பெரிய கொக்கி இதுதான். பெட்டியின் மேல் ஒரு சிரிக்கிற பெண்ணின் படம் இருக்கும். அவள் பேர் இருக்காது.

இதே 2021இல் யொஹானி பாடிய 'மணிகே மகே ஹிதே' இந்தியா முழுக்க ஓடியபோது, இலங்கைப் பாட்டு உலகத்தை வென்றது என்று நாடே கொண்டாடியது. நல்ல விஷயம், நாங்களும் சந்தோஷப்பட்டோம். அதே வருடம் இலங்கைத் தோட்டத்துக் கிழவி ஒருத்தியின் கதையும் உலகத்தைச் சுற்றியது. அதை இலங்கைப் பாட்டு என்று கொண்டாடிய ஒரு குரல்கூட எங்கள் காதில் விழவில்லை. அவளை 1964இலேயே கணக்கில் கழித்துவிட்டார்கள்தானே.

"சும்மா ஒரு பாட்டுத்தானேப்பா"

இந்தக் கட்டுரையின் முதல் வரைவை வாசித்த நண்பர்கள் இரண்டு விஷயம் சொன்னார்கள்.

ஒன்று: "பாட்டு என்றால் ரசிக்கத்தான். எல்லாத்துக்கும் வரலாறு பேசினால் எப்படி? வைப்பைக் கெடுக்காதீங்க." நியாயமாகத்தான் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் பாட்டு என்றைக்குமே சும்மா இருந்ததில்லை. விடிய முன்னம் பிரட்டுக்கு எழுப்பத் தப்பு அடித்தார்கள். பிறப்புக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. மாசியில் காமன் கூத்து என்றால் இரவு இரவாக நடக்கும். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கதை முழுசாகத் தெரியும், மதனை எரிக்கிற இடம் வரை. அங்கேயும் கொக்கி இருக்கிறது. ஆனால் கொக்கியோடு கதையும் வரும்.

இன்னொன்று: "கொக்கி இருந்ததால்தான் இத்தனை கோடிப் பேர் கேட்டார்கள். கொக்கி இல்லாவிட்டால் உங்கள் கதையை யார் கேட்பார்கள்?" இது பலமான கேள்வி. இதற்கு நாங்கள் பதில் தேடிப் போன இடம் ஹட்டன்தான்.

1930களில் கோ. நடேசய்யர் ஹட்டனைத் தளமாக வைத்து தோட்டத் தொழிலாளர் சங்கம் கட்டினார். அவரும் அவருடைய மனைவி மீனாட்சி அம்மையும் கூட்டம் நடத்துகிற விதமே தனி. வெளி ஆள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலம். மீனாட்சி அம்மை ஜனம் கூடுகிற இடத்தில் நின்று பாடத் தொடங்குவார். பாரதி பாட்டு வரும், அவரே கட்டின பாட்டும் வரும், ஜனங்களுக்கு ஏற்கெனவே பழகின மெட்டுகளில். மெட்டு காதில் மாட்டி ஆட்கள் நிற்பார்கள். நின்ற பிறகு நடேசய்யர் பேசுவார்: சம்பளம், சட்டம், துரை, கங்காணி, உரிமை. மீனாட்சி அம்மை தன் பாட்டுகளைச் சிறு புத்தகமாகவும் போட்டார். இலங்கையில் இந்தியத் தொழிலாளர் நிலைமைதான் அவற்றின் பொருள். ஆட்கள் மெட்டோடு நிலைமையையும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆகவே கொக்கி தப்பில்லை. மீனாட்சி அம்மைக்கு நாங்கள் யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது: ஆளைப் பிடித்து நிறுத்தத்தான் கொக்கி. நின்ற ஆளுக்குச் சொல்ல அடுத்து ஒன்று இருக்க வேண்டும். அறிவும் அதைத்தான் செய்தார். கொக்கிக்குப் பின்னால் பாட்டியை உட்கார வைத்தார். கொக்கியை மட்டும் கழற்றிக்கொண்டு ஓடினது நாம்தான்.

மார்க் ட்வெயின் 1876இல் ஒரு கதை எழுதினார். பிரயாணச் சீட்டு பற்றின ஒரு சில்லறைப் பாட்டு ஒருத்தர் மண்டையில் ஏறி, அவரை வேலை செய்ய விடாமல் பண்ணுகிறது. கடைசியில் அதை இன்னொருத்தர் தலையில் கட்டிவிட்டுத்தான் தப்பிக்கிறார். அந்த இன்னொருத்தர் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் தெரியுமா? பக்கத்துப் பல்கலைக்கழகத்தில், யோசிக்கத் தெரியாத மாணவர்களின் காதில். வாசித்துச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் கலை விழா ஞாபகம் வந்தது.

சொல் இல்லாத மெட்டு

மேலே சொன்ன அப்பாயி போன வருடம் செத்துப்போனது.

அது ஒரு தாலாட்டுப் பாடும். பேத்தியை மட்டுமில்லை, அந்த லயத்தில் பிறந்த பாதிப் பிள்ளைகளை அந்தப் பாட்டில்தான் தூங்க வைத்தது. கடலில் தொடங்கும், காட்டு வழி வரும், பிறகு ஏதோ ஒரு ஊர்ப் பேர், ஏதோ ஒரு துரை பேர். எட்டாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் கூடியிருந்தபோது அந்தப் பாட்டைப் பாடிப் பார்த்தோம். மெட்டு எல்லாருக்கும் வந்தது. முதல் இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரி ஒருத்தருக்கும் வரவில்லை. சித்தி ஒரு சொல் சொன்னா, மாமா அது இல்லை என்றார். பிறகு எல்லாரும் சும்மா முனகினோம், சொல் இல்லாமல்.

பேத்தி சொல்கிறாள்: இப்போதும் அந்த மெட்டு ராத்திரியில் ஓடுகிறது. நிற்பதில்லை. முழுசாகக் கேட்டால் நிற்கும் என்கிறார்கள். முழுசாகக் கேட்க ஆள் இல்லை. அந்த ஊர் எந்த ஊர், அந்தத் துரை எந்தத் துரை, கடலைத் தாண்டினது யார் என்கிற குடும்பத்தின் ஒரே சாசனம் அந்த மூன்றாவது வரியில் இருந்திருக்கலாம். எங்கள் எல்லார் கையிலும் போன் இருந்தது. அந்தப் போனில் 'என்ஜாய் எஞ்சாமி' டவுன்லோட் செய்து வைத்திருந்தோம். அப்பாயியை ஒரு தடவை பதிவு செய்யவில்லை.

சி. வி. வேலுப்பிள்ளை போனும் ரெக்கோர்டரும் கையில் இல்லாத காலத்திலேயே தோட்டத்துப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்தார், அவை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமாக வந்தன. அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் இன்றைக்கு எங்கள் கொள்ளுப்பாட்டிமார் என்ன பாடினார்கள் என்பதே தெரிந்திருக்காது. 2023இல், நாங்கள் வந்து இருநூறு வருடம் என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஆட்கள் மறுபடி நடந்தார்கள். அந்தப் பாதையைக் காலால் படிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது. எங்களுக்கு ஏன் அது காதால்கூடத் தோன்றவில்லை?

அதனால் இதை வாசிக்கிற உங்களிடம், முக்கியமாகத் தோட்டத்திலிருந்து கம்பஸுக்கும் கொழும்புக்கும் வந்திருக்கிற உங்களிடம், ஒரு சின்ன வேலை கேட்கிறோம். அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது அப்பாயியோ அம்மாயியோ, பக்கத்துக் காம்பராக் கிழவியோ, யாராவது ஒருத்தரிடம் ஒரு பாட்டை முழுசாகக் கேளுங்கள். போனில் பதியுங்கள். விளங்காத சொல்லைக் கேளுங்கள். ஊர்ப் பேர் வந்தால் அது எங்கே என்று கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு சாமி" என்பார்கள். விடாதீர்கள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். எங்கள் குழுவுக்கு அனுப்ப விருப்பம் என்றால் அனுப்புங்கள், இல்லாவிட்டால் உங்களிடமே வைத்திருங்கள். ஆனால் முழுசாக வைத்திருங்கள்.

மற்ற நண்பர்களிடம், யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ கொழும்போ சென்னையோ கனடாவோ, எங்கே இருந்தாலும் ஒன்று கேட்கிறோம். அந்தப் பாட்டு உங்கள் மண்டையில் இன்னும் ஓடுகிறது என்று தெரியும். எங்களுக்கும்தான். ஓடட்டும். இன்றைக்கு ஒரு தடவை மட்டும் அதைக் கடைசி வரை கேளுங்கள். பாட்டி பேசுகிற இடத்தில் விரலை வைத்துத் தள்ளாமல் இருங்கள்.

கேட்டு முடித்த பிறகு எங்கள் அப்பாயி கேட்ட அந்தக் கேள்வியைக் கேளுங்கள். இந்தக் கிழவி எந்தத் தோட்டமாம்?